ரெண்டு முனைக்கு நாலு முகவரி: ஒரு வயரின் வரலாறு

2020. ஊர் முடங்கிக் கிடந்த மாதங்கள். சாச்சிட மகள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். டியூஷன் எல்லாம் சூமுக்கு மாறியிருந்தது. காலையில் ஒரு வகுப்பு, பின்னேரம் ஒரு வகுப்பு. ஃபோனுக்குப் போடும் டேட்டா ரெண்டு நாளைக்குக்கூடத் தாங்கவில்லை. எங்கட வீட்டில் லைன் இருந்தது. சாச்சிட வீட்டில் இல்லை.

எங்கட பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான் வழக்கம். அதனால் உம்மாவும் சாச்சியும் ஒரே வளவின் ரெண்டு அந்தம். நடுவில் ஒரு கிணறு, ரெண்டு மாமரம், பழைய மதில் ஒன்று. நெட்வொர்க் கேபிள் 100 மீற்றர் வரைக்கும் தாங்கும். எங்களுக்கு அதில் பாதி கூடத் தேவைப்படவில்லை. கேபிளை இழுத்து முடித்தோம். பழைய ரூட்டர் ரெண்டைத் தேடியெடுத்து ரெண்டு அந்தத்திலும் வைத்தோம். சும்மா ஒரு சுவிட்சில் குத்திவிட்டிருந்தால் அஞ்சு நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் நான் அப்போதுதான் நெட்வொர்க்கிங் படிக்கத் தொடங்கியிருந்தேன். படித்ததைச் செய்து பார்க்காவிட்டால் எப்படி?

ரெண்டு ரூட்டருக்கும் நடுவில் உள்ள வயருக்குத் தனியாக முகவரி போட்டேன். எங்கட பக்கம் 192.168.50.2. சாச்சி பக்கம் 192.168.50.5. சப்நெட் மாஸ்க் 255.255.255.252. ரெண்டு முனை மட்டுமுள்ள தொடர்புக்கு இந்த மாஸ்க்தான் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். லைட் ரெண்டு பக்கமும் பச்சையாக எரிந்தது. பிங் மட்டும் போகவில்லை.

"என்ன மகன், லைட் எரியிது, வகுப்பு வரல்லியே?" என்று சாச்சி மதிலுக்கு மேலால் கேட்டா. மூன்று மணி வகுப்பு. அப்போது நேரம் ரெண்டே முக்கால்.

அண்டைக்கு அவள் அந்த வகுப்பைத் தவறவிட்டாள். இரவு, படித்த காக்கா ஒருவருக்கு ஃபோன் எடுத்தேன். ரெண்டு முகவரியையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, நீ ஒருத்தன ஒரு வயல்லயும் மத்தவன அடுத்த வயல்லயும் விட்டிருக்காய். நடுவுல வரம்பு கெடக்கு."

அந்த வரம்பை யார் கட்டினது, எப்போது கட்டினது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

வயரும் ரெண்டு முனையும்

ரெண்டு முனை மட்டுமுள்ள தொடர்பு இணையத்துக்கு முன்னரே இருந்தது. இலங்கையின் முதல் தந்திக் கம்பி 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையில் போடப்பட்டது. அந்தக் கம்பியில் யாருக்கு அனுப்புகிறோம் என்ற கேள்வியே இல்லை. கொழும்பில் தட்டினால் காலியில் கேட்கும். முகவரி தேவைப்படுவது மூன்றாவது ஆள் வரும்போதுதான்.

இணையத்தின் மூத்த வடிவமான ஆர்ப்பாநெட்டின் கதையும் இதுதான். 1969 ஒக்டோபர் 29ஆம் திகதி கலிஃபோர்னியாவில் ரெண்டு இடங்களுக்கு நடுவே முதல் செய்தி போனது. ஒரு பக்கம் லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகம், மறுபக்கம் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம். ஒரு வயர், ரெண்டு முனை. பிறகு இடங்கள் கூடின. முகவரி தேவைப்பட்டது. அப்போதைய முகவரியின் நீளம் வெறும் 8 பிட். அதில் 6 பிட் எந்த நிலையம் என்று சொல்ல, மிச்சம் 2 பிட் அந்த நிலையத்தில் எந்தக் கணினி என்று சொல்ல. ஒரு நிலையத்துக்கு நாலு கணினிக்கு மேல் வராது என்று நம்பிய காலம் அது.

1981 செப்டெம்பரில் வெளியான ஐபி நான்காம் பதிப்பின் ஆவணம் முகவரியை 32 பிட்டாக வைத்தது. கணக்குப் பார்த்தால் 4,294,967,296 முகவரிகள். 1983 ஜனவரி முதலாம் திகதி ஆர்ப்பாநெட் முழுவதும் இந்த முறைக்கு மாறியது. 400 கோடிக்கு மேல் என்றால் அள்ளிக் கொடுக்கலாம் என்றுதான் அப்போது தோன்றியிருக்கும். அள்ளித்தான் கொடுத்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கு 18 என்று தொடங்கும் முகவரிகள் அத்தனையும் போயின. ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேல். 2017இல் அதில் ஒரு பகுதியை அது விற்கத் தொடங்கியது. எங்கட முழு நாட்டுக்கும் இன்று இருப்பதை விட அது பல மடங்கு. இணையத்தில் முந்தி வந்தவனுக்கு வயல், பிந்தி வந்தவனுக்கு வரம்பு.

மூன்று அளவு நிலம்

தொடக்கத்தில் முகவரித் தொகுதிகள் மூன்று அளவில்தான் கிடைத்தன. பெரியது ஏ வகுப்பு, ஒன்றரைக் கோடிக்கு மேல். நடுத்தரம் பி வகுப்பு, 65,536. சின்னது சி வகுப்பு, 256. இதற்குக் குறைந்து ஒன்றும் இல்லை. 10 பேர்ச் காணி கேட்டுப் போனவனிடம் ரெண்டு ஏக்கருக்குக் குறைய விற்கமாட்டோம் என்று சொல்வது போல.

இப்போது ரெண்டு ரூட்டருக்கு நடுவிலுள்ள வயரை யோசியுங்கள். அந்த வயரும் ஒரு தனி வலையமைப்பு. அதற்கும் ஒரு எண் வேண்டும். ஆகச் சின்னதான சி வகுப்பையே கொடுத்தாலும் 256 முகவரி போகும். பாவிப்பது ரெண்டு. மற்ற 254உம் தரிசு.

இதற்கு வழி தேடியவர்களில் முக்கியமானவர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெஃப்ரி மோகல். ஒரு நிறுவனத்துக்குக் கிடைத்த ஒரு தொகுதியை அந்த நிறுவனம் உள்ளுக்குள் துண்டு போட்டுக்கொள்ளலாம், வெளி உலகத்துக்கு அது தெரியத் தேவையில்லை என்று 1984 ஒக்டோபரில் எழுதினார். 1985 ஓகஸ்ட்டில் ஜோன் பொஸ்டலோடு சேர்ந்து அதை நியமமாக்கினார். ஆர்.எஃப்.சி. 950 என்பது அந்த ஆவணத்தின் எண். சப்நெட் மாஸ்க் நியமமாக வந்த இடம் அதுதான்.

மாஸ்க் செய்வது ஒரே ஒரு வேலை. முகவரியில் எது வரைக்கும் வட்டையின் பெயர், எங்கிருந்து அந்த வட்டைக்குள் இருக்கும் ஆளின் பெயர் என்று கோடு கிழிப்பது. 255.255.255.252 என்றால் முதல் 30 பிட்டும் வட்டை, கடைசி 2 பிட் மட்டும் ஆள். 2 பிட்டில் 0, 1, 2, 3 என்று நாலு எண் வரும். ஆகவே கடைசி இலக்கம் நாலு நாலாகப் பிரியும். 0 தொடக்கம் 3 ஒரு துண்டு. 4 தொடக்கம் 7 அடுத்த துண்டு. 8 தொடக்கம் 11 அதற்கடுத்தது.

என் பிழை இப்போது விளங்கியிருக்கும். நான் போட்ட 2 முதல் துண்டில். 5 ரெண்டாவது துண்டில். எங்கட ரூட்டருக்கு 5 என்பவன் இந்த வயரில் இருக்கும் ஆளே இல்லை. அதனால் மாமரத்துக்கு அங்கால் இருக்கும் சாச்சிட வீட்டைத் தேடாமல் வெளியே இன்டர்நெட் பக்கம் தேடப் போயிருக்கிறது. பச்சை லைட் சொல்வது வயர் சரி என்பதை மட்டும்தான். முகவரி சரியா பிழையா என்று லைட்டுக்குத் தெரியாது.

வரம்புக்குப் போகும் நிலம்

நாலு எண்ணில் ரெண்டைத்தான் பாவிக்கலாம். முதல் எண் அந்தத் துண்டின் பெயர். கடைசி எண் 'எல்லாரும் கேளுங்கள்' என்று கூப்பிடுவதற்கு. இந்த ரெண்டும் எவ்வளவு பெரிய வலையமைப்பிலும் கழியும். 256 முகவரியில் ரெண்டு போனால் ஒன்றும் தெரியாது. நாலில் ரெண்டு போனால் சரிபாதி.

வயல் காரருக்கு இது புதுக் கதை இல்லை. வாப்பாட வயலைப் பிள்ளைகளுக்குப் பிரிக்கும்போது ஒவ்வொரு பிரிப்பிலும் புது வரம்பு வரும். அஞ்சு ஏக்கரில் வரம்பு எடுக்கும் இடம் கணக்கில்லை. கால் ஏக்கராகிவிட்டால் வரம்பில்தான் நடக்கிறோமா வயலில்தான் நடக்கிறோமா என்று தெரியாது. சம்மாந்துறையில் வட்டை விதானையிடம் கேட்டால் சப்நெட்டின் சிக்கலை என்னை விடத் தெளிவாகச் சொல்லுவார்.

ஆனால் நாலு முகவரித் துண்டு என்பதே பிந்தி வந்த வசதி. 1988இல் எழுதி வைக்கப்பட்ட ரிப் என்ற வழிகாட்டு முறை ரூட்டர்களுக்கு இடையில் வழி சொல்லும்போது மாஸ்க்கைச் சொல்லாது. அதனால் ஒரு நிறுவனத்துக்குள் எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 200 கணினி உள்ள ஆய்வுகூடத்துக்கு 256 துண்டு வெட்டினால், ரெண்டே முனையுள்ள வயருக்கும் 256தான். பிறகு மாஸ்க்கையும் சேர்த்துச் சொல்லும் முறைகள் வந்தன. ஓ.எஸ்.பி.எஃப். 1989இல், ரிப்பின் ரெண்டாம் பதிப்பு 1993இல். அதற்குப் பிறகுதான் ஆய்வுகூடத்துக்குப் பெரிய துண்டு, வயருக்குச் சின்னத் துண்டு என்று பிரிப்பது வழக்கமானது. அதே 1993 செப்டெம்பரில் ஏ, பி, சி வகுப்பு முறையையே கைவிடும் சைடர் முறையும் வந்தது.

எங்கட நாடு வந்து சேர்ந்த நேரம்

இலங்கை இணையத்துக்குள் காலடி வைத்தது இந்தக் காலத்தில்தான். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் அபய இந்துருவ முன்னெடுத்த லேர்ன் வலையமைப்பு 1990களின் தொடக்கத்தில் மின்னஞ்சலோடு ஆரம்பித்தது. டெலிஃபோன் லைனில் டயல் பண்ணி, கடிதங்களை மொத்தமாக ஏற்றி இறக்கும் முறை. 1990களின் நடுப்பகுதியில் கொழும்பு, மொரட்டுவை, திறந்த பல்கலைக்கழகம் ஆகியவை ஐபி தொடர்பில் இணைந்தன. பல்கலைக்கழகங்களுக்கு இடையில் அப்போது ஓடிய தொடர்புகளின் வேகத்தைக் கிலோபிட்டில்தான் எண்ணினார்கள். 1995இல் லங்கா இன்டர்நெட் சேர்விசஸ் நாட்டின் முதல் வணிக இணையச் சேவையைத் தொடங்கியது.

அதே 1995இல் எங்கட பக்கத்தில் வேறொன்றும் நடந்தது. யுத்தத்தால் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து படிக்க முடியாமல் போன மாணவர்களுக்காக, அட்டாளைச்சேனையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. அடுத்த வருடமே அது முழுப் பல்கலைக்கழகமானது. இதற்குப் பின்னால் நின்ற எம்.எச்.எம். அஷ்ரஃப் சம்மாந்துறையில் பிறந்தவர். பிரதான வளாகம் ஒலுவிலுக்குப் போனது. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் நிலைத்தது. கணினி விஞ்ஞானமும் அங்கேதான்.

ஒரு பல்கலைக்கழகம் ரெண்டு ஊரில் இருந்தால் என்ன வேண்டும்? நடுவில் வயலும் வீதியும் கிடக்க, ரெண்டு முனையையும் ஒன்றாக்கும் ஒரு தொடர்பு வேண்டும். கொழும்போடு சேர இன்னொரு தொடர்பு வேண்டும். பல்கலைக்கழக வலையமைப்பு என்று நாங்கள் ஒரே பெயரில் சொல்வது, கிட்டப் போய்ப் பார்த்தால், இப்படி ரெண்டு முனைத் தொடர்புகள் பலவற்றின் கோர்வைதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னத் துண்டு முகவரி, ஒரு மாஸ்க். அதில் ஒரு இலக்கம் பிழைத்தால் ஒரு பீடமே இருட்டுக்குள் போகும். சாச்சிட வீடு போனது மாதிரி.

இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் முகவரிகள் 192.248 என்று தொடங்கும். அது லேர்ன் வலையமைப்பின் தொகுதி. 2020இல் இதற்கு இன்னொரு அர்த்தம் வந்தது. பல்கலைக்கழகச் சேவையகங்களுக்கும் லேர்ன் வழியாக நடந்த சூம் விரிவுரைகளுக்கும் மாணவர்கள் டேட்டா கட்டணமில்லாமல் போக வழி செய்யப்பட்டது. போகும் இடத்தின் முகவரி என்ன என்று தெரிந்தால்தானே அதற்குக் கட்டணம் வெட்டாமல் விடலாம்? முகவரி என்பது வெறும் எண்ணில்லை என்று அண்டைக்கு விளங்கியது. எங்கட வளவில் என் விரிவுரை இலவசம். சாச்சிட மகளின் டியூஷன் சூம் அந்த முகவரிகளுக்குள் வராது. அதற்கு டேட்டா வெட்டும். நாங்கள் கேபிள் இழுத்த காரணமே அதுதான்.

நாலிலிருந்து ரெண்டுக்கு

2000 டிசம்பரில் நாலு பேர் ஒரு சின்ன ஆவணம் எழுதினார்கள். அல்வாரோ ரெட்டானா, ரஸ் வைட், வின்ஸ் ஃபுல்லர், டேனி மெக்ஃபெர்சன். எண் ஆர்.எஃப்.சி. 3021. அவர்கள் கேட்ட கேள்வி எளியது. ரெண்டே ரெண்டு பேர் இருக்கும் இடத்தில் 'எல்லாரும் கேளுங்கள்' என்று எதற்குக் கத்த வேண்டும்? எல்லாரும் என்பது மற்ற ஒருவன்தானே. வரம்பை எடுத்துவிடுவோம். மாஸ்க்கை 255.255.255.254 ஆக்கினால் ஒரு துண்டில் ரெண்டு முகவரி. ரெண்டும் பாவனைக்கு.

256 முகவரியுள்ள ஒரு தொகுதியைப் பழைய முறையில் வெட்டினால் 64 தொடர்பு. புது முறையில் 128. ஒரு சதம் செலவில்லாமல் நிலம் இரட்டிப்பாகிறது. ஆனால் ரெண்டு முனையிலுள்ள கருவிக்கும் இந்த முறை தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இன்றைக்கும் பாடக் குறிப்புகளில் 252 உட்கார்ந்திருக்கிறது. அது பிழையில்லை. எல்லா இடத்திலும் ஓடும். பாதி நிலம் வரம்புக்குப் போகும், அவ்வளவுதான்.

வீட்டு லைனில் இதற்கும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். டயல்-அப் காலத்தில் வந்த பி.பி.பி. என்ற முறையில், லைன் பொருந்தும்போது மறுமுனை எங்கட பக்கத்துக்கு ஒரே ஒரு முகவரியைத் தரும். பேசி முடித்துத் துண்டித்தால் அந்த முகவரி அடுத்தவனுக்குப் போகும். 1999இல் அதை ஈதர்நெட்டின் மேல் ஓட்டும் பி.பி.பி.ஓ.ஈ. முறை வந்தது. அப்படி வரும் லைன்களில் ரூட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்தால் மாஸ்க் 255.255.255.255 என்று இருக்கும். முதல் தடவை பார்த்தபோது ஏதோ பழுது என்றுதான் நினைத்தேன். பழுதில்லை. 'இந்த வட்டையில் நீ மட்டும்தான்' என்று அர்த்தம். வயர் ரெண்டு முனை என்பதால், அனுப்புவது எதுவானாலும் மறுமுனைக்குத்தான் போகும். பக்கத்து வீட்டைத் தேடத் தேவையே இல்லை.

முடிந்துபோன நிலம்

இவ்வளவு சிக்கனம் பிடித்தும் நிலம் முடிந்தது. 2011 பெப்ரவரி 3ஆம் திகதி உலகப் பொதுக் களஞ்சியத்தின் கடைசித் தொகுதிகள் பகிரப்பட்டன. அதே வருடம் ஏப்ரல் 15ஆம் திகதி ஆசிய பசிபிக் வட்டாரத்தின் ஏப்நிக் அமைப்பு தன் கடைசிப் பெரிய தொகுதிக்கு வந்து, பங்கீடு போடத் தொடங்கியது. புதிதாக வருபவருக்கு ஆகக் கூடியது 1,024 முகவரி. 2019இல் அது 512 ஆனது. எம்.ஐ.டி.க்கு ஒரு காலத்தில் கிடைத்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதன் விளைவு எங்கட கையில் இருக்கிறது. உங்கட ஃபோனோ ரூட்டரோ வெளிப்பக்கம் வாங்கியிருக்கும் முகவரியைப் பாருங்கள். 10 என்று தொடங்கினாலோ, 100.64 தொடக்கம் 100.127 வரைக்குள் வந்தாலோ, உங்களுக்கு என்று பொது முகவரி இல்லை. பல பேர் ஒரு முகவரியைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். யூடியூப் பார்க்க, சூமில் இருக்க அது தாராளமாகப் போதும். ஆனால் வீட்டில் ஒரு சேவையகம் வைத்து ஊர்ப் பழைய படங்களையோ பள்ளிவாசல் ஆவணங்களையோ நேரடியாக உலகத்துக்குக் காட்ட நினைத்தால் முடியாது. வெளியே போகலாம், உள்ளே யாரும் வர முடியாத வீடு. இன்னொருவரின் சேவையகத்தில் வாடகைக்குத்தான் வைக்க வேண்டும். பாவனையாளராக இருக்க எங்களுக்கு இடம் இருக்கிறது. வீட்டுக்காரராக இருக்கத்தான் காணி இல்லை.

ஐபி ஆறாம் பதிப்பில் காணிப் பஞ்சம் இல்லை. 128 பிட். எழுதிப் பார்க்கக் களைக்கும் தொகை. தாராளம் வந்ததும் ரெண்டு முனை வயருக்கும் மிகப்பெரிய துண்டைக் கொடுத்தார்கள். அதில் வேறொரு தொல்லை வந்தது. சில வகைத் தொடர்புகளில், துண்டுக்குள் யாருக்கும் கொடுக்கப்படாத ஒரு முகவரிக்குப் பொதி வந்தால் இந்த ரூட்டர் 'அவன் அங்கால்' என்று அனுப்பும், அந்த ரூட்டர் 'இல்லை, இங்கால்' என்று திருப்பி அனுப்பும். ஆயுள் முடியும் வரை பந்து மாதிரி போய்வரும். ஆகவே 2011 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 6164 வந்து, இங்கேயும் ரெண்டே முகவரியுள்ள துண்டைப் பாவிக்கலாம் என்றது. பஞ்சத்தில் கண்டுபிடித்த சிக்கனம், செழிப்பிலும் வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்டது.

5ஐ 1 ஆக்கியது

காக்கா சொன்ன பிறகு நான் செய்தது ஒரே ஒரு மாற்றம். சாச்சி பக்கத்து 5ஐ 1 ஆக்கினேன். 1உம் 2உம் ஒரே துண்டு. அடுத்த நிமிஷம் பிங் போனது. விடிய எட்டு மணி வகுப்புக்கு அவள் முதல் ஆளாக உட்கார்ந்தாள். முந்தின நாள் தவறவிட்ட பாடத்தின் குறிப்பை யாரோ ஒரு பிள்ளை ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்தது. அதை வெகுநேரம் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மணித்தியாலத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அந்தக் கேபிள் இன்னும் மதிலில்தான் தொங்குகிறது. சாச்சிட வீட்டுக்கு இப்போது சொந்த லைன் வந்துவிட்டது. கரண்ட் போய் வந்த ஒரு நாள் அவட லைன் வேலை செய்யவில்லை. "மகன், அந்தப் பழைய வயரக் கொஞ்சம் குத்தி உடுறியா?" என்று கேட்டா. குத்தினேன். 1உம் 2உம் அதே இடத்தில் இருந்தார்கள்.